1950 கூப்பர் 500 என்று விற்றார்கள், அந்த சேஸிஸ் (அடிச்சட்டம்) 1950-இல் செய்ததே இல்லை

பழைய கூப்பர் 500 ரேஸ் கார் தேடிக்கொண்டிருப்பவர்கள் பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். இங்கிலாந்தில் ஒரு வியாபாரியிடம் 30,000 பவுண்டு கொடுத்து ஏமாந்து நிற்கிறேன்.

இந்தக் குட்டிக் கார்மேல் எனக்குப் பல வருட ஆசை. 1946-இல் இங்கிலாந்தின் சர்பிட்டனில் சார்லஸ் கூப்பரும் மகன் ஜானும் முதல் காரைக் கட்டினார்கள். உலகப் போர் முடிந்த தட்டுப்பாட்டுக் காலம். இரண்டு ஃபியட் டோப்போலினோ கார்களின் முன்பாதியை வெட்டி, முதுகோடு முதுகாகச் சேர்த்தார்கள். 500 சிசி ஒற்றை சிலிண்டர் ஜே.ஏ.பி. பைக் எஞ்சின், பைக் மாதிரியே செயின். செயின் பின்சக்கரங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும் என்று எஞ்சினை ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் வைத்தார்கள். அந்த ஏற்பாடுதான் வளர்ந்து 1959, 1960-இல் ஜாக் பிராபமை ஃபார்முலா ஒன் கார் ரேஸில் உலக சாம்பியன் ஆக்கியது. இப்படிப்பட்ட காரைத் தொட்டுப் பார்க்கவே கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

வியாபாரி தடிமனான ஒரு ஃபைலைக் கையில் கொடுத்தார். மங்கிப்போன ரேஸ் படங்கள், பழைய பில்கள். எஞ்சினையும் ஓட்டிக் காட்டினார். அந்தக் கால ரேஸ் எஞ்சினுக்கு ஊற்றும் விளக்கெண்ணெய் கருகும் அந்த வாசனையில் மனசு போய்விட்டது. அங்கேயே கையெழுத்துப் போட்டேன்.

அப்புறம்தான் இந்தக் கார்களோடு பல காலம் பழகிய ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். எஞ்சின் மாறியிருந்தால் அதைக் குறையாகப் பார்க்க வேண்டாம் என்றார். அந்தக் காலத்திலேயே ஜே.ஏ.பி.-யைக் கழற்றிவிட்டு மேன்க்ஸ் நார்ட்டன் என்ற ரேஸ் பைக்கின் எஞ்சினைப் போட்டார்கள். எஞ்சினுக்காகவே முழு பைக்கையும் வாங்கியவர்கள் உண்டு. மிச்சமான பைக் ஃபிரேமில் டிரையம்ஃப் பைக் எஞ்சின் ஏறி டிரைட்டன் என்ற கலப்பு பைக் ஆனது.

அவர் குனிந்து பார்த்தது சேஸிஸை. சீட்டுக்கு அடியில் ஒரு இணைப்பில், காசு அளவுக்கு பெயிண்டைச் சுரண்டினார். வெல்டிங் ஒரே சீராக ஓடியது. மிக் வெல்டிங். இரும்புக் குழாயை இப்படிக் கார்பன் டை ஆக்சைடு வாயுவில் கம்பி விட்டு ஒட்டும் முறை வந்ததே 1953 வாக்கில். ஒன்றிரண்டு இடமென்றால் ரிப்பேர் என்று விடலாம், ஆனால் அவர் சுரண்டிய எல்லா இணைப்பும் அப்படியே இருந்தன. ஃபைலை மறுபடி புரட்டினோம். என் காரின் சேஸிஸ் நம்பர் ஒரு தாளில்கூட இல்லை.

சக்கரங்கள் மட்டும் அசல். மெக்னீசியம் உலோகக் கலவையில், சக்கரமும் பிரேக் டிரம்மும் ஒரே வார்ப்பாக வந்தவை. சாயம் தடவித் துடைத்துப் பார்த்ததில், நடுப்பகுதியை ஒட்டி முடி போல ஒரு சிவப்புக் கோடு தெரிந்தது. விரிசல். "ரேஸுக்குத் தயார்" என்று சொல்லி விற்ற கார் இது! பணம் போனதைவிட இதுதான் எனக்கு ஆறவில்லை. டிராக்கில் அந்தச் சக்கரம் உடைந்திருந்தால்?

போன் செய்தேன். "பில்லைப் பாருங்கள்" என்றார் வியாபாரி. பார்த்தேன். அதில் "500 சிசி ரேஸ் கார், உள்ளது உள்ளபடி" என்று மட்டும் இருந்தது. கூப்பர் என்ற பெயரும் இல்லை, 1950 என்ற வருடமும் இல்லை. உங்கள் பில்லில் இரண்டும், சேஸிஸ் நம்பரோடு, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். விற்றவரின் விளம்பரத்தை அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தேன். இப்போது என் வக்கீல் கையில் இருக்கும் ஒரே பிடி அதுதான்.