மலைப்பாதையில் ஏறும் என்று விற்கும் பவர் வீல் செயார்: காசு கொடுக்குமுன் வாசியுங்கள்

“மலையகத்துக்கென்றே வந்த வீல் செயார், 20 டிகிரி ஏற்றத்திலும் ஏறும்” என்று பேஸ்புக்கில் ஒரு விளம்பரம் ஓடுகிறது. கண்டிப் பக்கத்துக் கடை. முறைப்பாடு விசாரணையில் இருப்பதால் பெயர் போடவில்லை. அங்கேதான் என் தம்பிக்கு வாங்கினோம். அப்பாவின் ஈ.பி.எப். காசு, குவைத்தில் வீட்டுவேலை செய்யும் தங்கச்சி அனுப்பியது எல்லாம் சேர்த்து மூன்று இலட்சத்துக்கு மேல் போனது.

தம்பி சவுக்கு மரத்தில் கிளை வெட்ட ஏறி விழுந்தவன். முள்ளந்தண்டில் டி10, அதாவது நெஞ்சுப் பகுதியின் பத்தாவது எலும்பு மட்டத்தில் அடி. இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்வும் இல்லை. ராகம புனர்வாழ்வு வைத்தியசாலையில் பயிற்சி முடித்து வரும்போது பிசியோ மிஸ் அளவெடுத்து ஒரு தாள் கொடுத்தார். இருக்கை அகலம் 16 அங்குலம், கால்மிதி உயரம் இவ்வளவு, குஷன் இப்படி என்று எல்லாம் அதில் இருந்தது. கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, “இதெல்லாம் ஆஸ்பத்திரிக் கணக்குண்ணே, கொஞ்சம் பெருசா இருந்தாத்தான் சொகுசு” என்று 18 அங்குலத்தைத் தலையில் கட்டினார். அவரிடம் கையிருப்பில் இருந்ததே அது ஒன்றுதான் என்று பிறகு தெரிந்தது. அகலம் கூடினால் இடுப்பு ஒரு பக்கம் சரியும். சரிந்தே உட்கார்ந்திருந்தால் முதுகு கோணும், பாரமெல்லாம் ஒரு பக்க எலும்பில் இறங்கும்.

எங்கள் தோட்டத்து லயத்திலிருந்து (வரிசை வீடுகள்) தார் ரோட்டுக்கு ஏறும் பாதை ஐந்தடிக்கு ஓரடி உயரும், பதினொரு டிகிரி வரும். சக்கர நாற்காலிச் சாய்தளத்துக்குப் பொதுவாகச் சொல்கிற அளவு 12 அடிக்கு ஓரடி, அதாவது ஐந்து டிகிரிக்கும் குறைவு. தோட்டத்தில் அப்படி ஒரு பாதை இருந்தால் காட்டுங்கள், பார்ப்போம். கடையில் மாபிள் தரையில் ஓட்டிக் காட்டியபோது பிரமாதம். இங்கே பாதி ஏற்றத்தில் மோட்டார் முனகிக்கொண்டு நின்றது, முன்சக்கரம் இரண்டும் தரையை விட்டு எழும்பின. நானும் பக்கத்துக் காம்பரா அண்ணனும் பின்னால் நடந்து வந்ததால் தாங்கிப் பிடித்தோம். இல்லாவிட்டால் மல்லாக்க விழுந்திருப்பான்.

இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) வைத்து செயாரைக் கவிழ்த்துப் பார்த்தோம். இருக்கைக்கு அடியில் 20 டிகிரி என்று அச்சடித்த ஸ்டிக்கர், ஒரு மூலை கிளம்பியிருந்தது. நகத்தால் உரித்தேன். உள்ளே தயாரித்த கம்பனியின் தகடு: உச்ச ஏற்றம் 8 டிகிரி. பின்சட்டத்தில் இரண்டு பக்கமும் வெறும் துளைகள். பின்பக்கம் சாயாமல் தாங்கும் சின்னச் சக்கரங்கள் பூட்டும் இடம் அது. போன் எடுத்துக் கேட்டால், “அது எக்ஸ்ட்ராண்ணே, வேற காசு.” பெட்டரியில் திகதி இருந்த இடம் சுரண்டிக் கிடந்தது.

இதைவிடப் பெரிய அநியாயம் குஷன். “ஜெல் குஷன், ஆஸ்பத்திரித் தரம்” என்று தனியாகக் காசு வாங்கினார்கள். தம்பிக்கு அடியில் வலி தெரியாது, அதனால் தினமும் சாயந்தரம் அம்மா பார்ப்பார். உட்காரும் எலும்பு பக்கத்தில் ஒரு சிவப்பு. விரலால் அமுக்கினால் சிவப்பு வெளுத்துத் திரும்ப வரவேண்டும். இது வெளுக்கவில்லை. படுக்கைப்புண்ணின் தொடக்கம் அதுதான். உறையின் சிப்பைத் திறந்தால் வெட்டி ஒட்டிய பஞ்சுத் துண்டுகள், ஜெல் என்பது பேருக்கும் இல்லை. புண் ஆறும்வரை தம்பி குப்புறப் படுத்தே கிடந்தான். எத்தனையோ பேரை இந்த மாதிரி விபத்துக்குப் பிறகு கொண்டுபோனது புண்ணும் அதில் ஏறிய கிருமியும்தான். அது தெரிந்தும் பஞ்சை ஜெல் என்று விற்பவனை என்ன சொல்வது?

கடையில் சொன்ன பதில்: “ஒங்க ரோடு சரியில்ல, செயார்ல பிழை இல்ல.” பிறகு முதலாளி வெளியூர், பிறகு பார்ட்ஸ் கப்பலில் வருகிறது, கடைசியில் வட்ஸ்அப்பில் பிளொக். இந்த இழுத்தடிப்பு சும்மா இல்லை. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்கவேண்டும், அதுவும் வாங்கி மூன்று மாதத்துக்குள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் அப்படிச் சொல்கிறது. கடைக்காரர்கள் “அடுத்த கிழமை, அடுத்த கிழமை” என்பது அந்தக் கெடு தாண்டத்தான். பில், விளம்பரப் படம், உரித்த ஸ்டிக்கர், தகட்டின் போட்டோ எல்லாம் இணைத்து நாங்கள் கெடுவுக்குள் அனுப்பிவிட்டோம். அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1977.

வாங்கப் போகிறவர்கள் உட்காரப்போகும் ஆளைக் கூட்டிப் போங்கள், அளவுத் தாளையும் கொண்டுபோங்கள். ராகம தூரமென்றால் திகன புனர்வாழ்வு வைத்தியசாலையில் கேட்டுப் பாருங்கள். செயாரைக் கவிழ்த்துத் தகட்டை வாசியுங்கள், குஷன் சிப்பை அங்கேயே திறக்கச் சொல்லுங்கள். பில்லில் மொடலும் ஏறும் டிகிரியும் எழுதித் தர மறுத்தால் எழும்பி வந்துவிடுங்கள்.

போன கிழமை அதே விளம்பரம் வேறொரு கடைப் பெயரில் வந்திருக்கிறது. படம் அதே படம், 20 டிகிரியும் அப்படியே. இந்தமுறை பதுளை, பண்டாரவளைக்கு டெலிவரி இலவசமாம்.