அயர்லாந்து மூதாதையரின் மரணச் சான்றிதழ் என்று போலிக் காகிதம் விற்கிறார்கள், உஷார்

அயர்லாந்தில் இறந்துபோன பாட்டன், பூட்டனின் மரணப் பதிவை வெளிநாட்டில் இருந்தபடி தேடுகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்த பிறகே யாருக்காவது பணம் அனுப்புங்கள். பெரம்பூர், போத்தனூர், பொன்மலைப் பக்கத்து ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களிலும் ஐரிஷ் வேர் தேடுகிறவர்கள் உண்டு என்பதால் தமிழிலேயே எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது மெல்பர்னில். என் மாமியாரின் பாட்டி இளவயதில் அயர்லாந்தின் மேயோ கவுண்டியிலிருந்து கப்பலேறி இங்கே வந்தவர். ஊரிலேயே தங்கிவிட்ட அந்தப் பாட்டியின் தகப்பனார் எப்போது, எப்படி இறந்தார் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்பது எண்பதைத் தாண்டிய மாமியாரின் பல வருட ஆசை. இணையத்தில் விளம்பரம் செய்திருந்த ஒரு 'பரம்பரை ஆய்வாளரிடம்' வேலையைக் கொடுத்தோம். மரணச் சான்றிதழுக்கு 240 யூரோ, பத்திரிகையில் வந்த இரங்கல் செய்திக்கு 150 யூரோ என்று பேச்சு. "1922-ல் டப்ளினில் ஆவணக் காப்பகம் எரிந்ததில் எல்லாம் போய்விட்டது, தனியார் சேகரிப்புகளில்தான் தேட வேண்டும், அதனால்தான் இவ்வளவு செலவு" என்றார்.

தபாலில் வந்தது பழுப்பேறிய கெட்டிக் காகிதம். மேலே அயர்லாந்தின் சின்னமான யாழ் (இசைக்கருவி) முத்திரை, கீழே வளைந்து நெளிந்த கையெழுத்து. இறந்த ஆண்டு 1889. தந்தை பெயர், தாய் பெயர், பிறந்த ஊர், அடக்கம் செய்த கல்லறைத் தோட்டம் எல்லாம் வரிசையாக இருந்தன. கூடவே 'மேயோ நியூஸ்' பத்திரிகையில் 1889-ல் வந்ததாக ஓர் இரங்கல் செய்தி, தட்டச்சு செய்த நகலாக. ஊரே திரண்டு வந்து அழுததாக அதில் எழுதியிருந்தது. மாமியார் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டச் சொன்னார்.

அடுத்த மாதமே அந்த ஆள் இன்னொரு விலையோடு வந்தார். இந்தச் சான்றிதழை வைத்து உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு ஐரிஷ் குடியுரிமை வாங்கித் தருகிறேன் என்றார். இது அப்பட்டமான பொய். அயர்லாந்தில் பிறந்த தாத்தா அல்லது பாட்டி இருந்தால்தான் அந்த வழியில் விண்ணப்பிக்க முடியும். அதற்கு மேலே, பூட்டன் தலைமுறைக்குப் போனால், பிள்ளை பிறக்கும் முன்பே பெற்றோர் தங்களை அயர்லாந்து அரசின் வெளிநாட்டுப் பிறப்புப் பதிவேட்டில் பதிவு செய்திருக்க வேண்டும். தகுதி இருந்தால் அது என் மாமியாருக்கு மட்டும்தான். அவருக்கும் தேவைப்படுவது பாட்டியின் பிறப்புச் சான்றிதழ், பூட்டனின் மரணச் சான்றிதழ் அல்ல. அங்கேதான் எங்களுக்குச் சந்தேகம் தட்டியது.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்: 19-ஆம் நூற்றாண்டு ஐரிஷ் மரணப் பதிவில் பெற்றோர் பெயருக்கு இடமே கிடையாது. அடக்கம் செய்த இடமும் இருக்காது. இறந்த தேதி, இடம், பெயர், ஆணா பெண்ணா, மணமானவரா, வயது, தொழில், சாவுக்குக் காரணம், எத்தனை நாள் நோய், தகவல் சொன்னவர் யார், பதிவு செய்த நாள், பதிவாளர் கையெழுத்து. அவ்வளவுதான். ஆனால் இங்கே விக்டோரியா மாநிலத்தின் பழைய மரணச் சான்றிதழில் பெற்றோர் பெயர் இருக்கும். அதைப் பார்த்துப் பழகிய ஆஸ்திரேலியக் குடும்பங்கள் அயர்லாந்திலும் அப்படித்தான் இருக்கும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. அந்த எதிர்பார்ப்பை நன்றாகத் தெரிந்து வைத்துக்கொண்டுதான் இந்தக் காகிதத்தைத் தயார் செய்திருக்கிறார்கள்.

இரங்கல் செய்தி இன்னும் மோசம். மேயோ நியூஸ் வெஸ்ட்போர்ட் ஊரில் தொடங்கப்பட்டதே 1892-ல்தான். பிறக்காத பத்திரிகையில் 1889-ல் எப்படிச் செய்தி வரும்?

1922 தீ விபத்துக் கதைக்கு வருகிறேன், இதைச் சொல்லித்தான் பலரையும் மடக்குகிறார்கள். உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், அந்த ஆண்டு ஜூன் 30 அன்று டப்ளினின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தில் இருந்த பொது ஆவணக் காப்பகம் எரிந்தது உண்மை. 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்கு ஏடுகளில் பெரும்பகுதியும், உயில்களும், அயர்லாந்து திருச்சபையின் (ஆங்கிலிக்கன் சபை) பல பதிவேடுகளும் போயின. ஆனால் 1864 ஜனவரி 1 முதல் அரசு நடத்திவந்த பிறப்பு, இறப்புப் பதிவேடுகள் அங்கே இருக்கவில்லை. அவை பத்திரமாக இருக்கின்றன. 50 ஆண்டு கடந்த மரணப் பதிவுகளின் படங்களை அயர்லாந்து அரசின் 'ஐரிஷ் ஜீனியாலஜி' இணையதளத்தில் ஒரு பைசா கொடுக்காமல் பார்க்கலாம், இறக்கிக்கொள்ளலாம். இப்போது வட அயர்லாந்தாக இருக்கும் ஆறு கவுண்டிகளுக்கு மட்டும் அந்தத் தளத்தில் 1921 முடிய உள்ளதுதான் கிடைக்கும். அதற்குப் பிந்தியதை பெல்ஃபாஸ்ட் பதிவாளர் அலுவலகத்தின் தளத்தில் சிறு கட்டணத்தில் பார்க்கலாம்.

நாங்களே உட்கார்ந்து தேடினோம். பாட்டியின் பிறப்புப் பதிவில் தகப்பன் பெயர், தாயின் பிறந்த வீட்டுப் பெயர், அவர்கள் குடியிருந்த 'டவுன்லேண்ட்' எல்லாம் இருந்தன. டவுன்லேண்ட் என்றால் நம் ஊர்க் குக்கிராமத்தைவிடச் சிறிய நிலப்பிரிவு. டவுன்லேண்டின் பெயர் கையில் இல்லாமல் மேயோவில் பாட்ரிக் என்ற பெயருள்ள ஒருவரைத் தேடுவது வீண் வேலை, அத்தனை பாட்ரிக்குகள். 1901 கணக்கெடுப்பையும் தேசிய ஆவணக் காப்பகம் இலவசமாகவே வைத்திருக்கிறது. அதில் அதே டவுன்லேண்டில் பூட்டனின் மனைவி விதவையாக மகன் வீட்டில் இருக்கிறார். ஆகவே சாவு 1901-க்கு முன்பு. பிறகு அந்த டவுன்லேண்ட் அடங்கிய ஸ்வின்ஃபோர்ட் பதிவு மாவட்டத்தில் ஆண்டு ஆண்டாகப் பின்னோக்கிப் போனோம். வயதை மட்டும் நம்பாதீர்கள். அந்தக் காலத்தில் பலருக்குத் தங்கள் வயதே சரியாகத் தெரியாது, 60, 70 என்று குத்துமதிப்பாகத்தான் எழுதியிருக்கிறார்கள்.

கிடைத்தது 1891-ல். ஒரே பக்கத்தில் பலருடைய சாவு, நம்மவர் நடுவில் ஒரு வரி. தொழில்: விவசாயி. காரணம்: மூச்சுக்குழாய் அழற்சி, 14 நாள். பக்கத்தில் 'சான்றளிக்கப்படவில்லை' என்ற குறிப்பு, அதாவது எந்த டாக்டரும் சான்று கொடுக்கவில்லை. தகவல் சொன்னது மருமகள். எழுதத் தெரியாததால் பெயருக்கு நடுவே ஒரு பெருக்கல் குறி, அதன் மேலும் கீழும் 'அவருடைய அடையாளம்' என்று பதிவாளர் எழுதியிருக்கிறார். சாகும்போது உடன் இருந்தவர் என்றும் போட்டிருக்கிறது. யாழ் முத்திரை ஒட்டிய அந்தக் காகிதத்தில் இருந்த பெற்றோர் பெயரோ கல்லறைத் தோட்டமோ இந்த மனிதருக்கு எந்த வகையிலும் பொருந்தவில்லை. யாரோ கற்பனையாக எழுதிய பெயர்களைச் சொல்லித்தான் மாமியார் மாதக்கணக்கில் பிரார்த்தனை செய்துகொண்டிருந்தார். எனக்கு ஆறாத கோபம் அதில்தான், பணத்தில்கூட இல்லை.

இரங்கல் செய்தி கிடைக்கவில்லை, கிடைக்கும் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம். அந்தக் காலத்து ஐரிஷ் பத்திரிகைகளில் பாதிரியார், பெரிய கடைக்காரர், நிலச்சுவான்தார் போன்றவர்களுக்குத்தான் இரங்கல் எழுதுவார்கள். குத்தகை விவசாயிக்கு அபூர்வம். ஆனால் கப்பலேறிப் போனவர்கள் பக்கத்தில் தேடிப் பாருங்கள். ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் 'ட்ரோவ்' தளம் இலவசம். மெல்பர்னில் வெளிவந்த 'அட்வகேட்' என்ற கத்தோலிக்கப் பத்திரிகையில் பாட்டியின் மரண அறிவிப்பு நான்கே வரிகளில் இருக்கிறது: மேயோவில் எந்தத் தேவாலயப் பங்கைச் சேர்ந்தவர் என்பதும், கடைசியில் 'ஐரிஷ் பத்திரிகைகள் இதை எடுத்து வெளியிடவும்' என்ற வேண்டுகோளும்.

ஆள் வைத்துத்தான் தேட வேண்டும் என்றால் நேர்மையான ஆய்வாளர்கள் நிறையவே இருக்கிறார்கள். 1986-ல் தொடங்கிய தொழில்முறை ஆய்வாளர் சங்கம் இப்போது 'அக்ரெடிட்டட் ஜீனியாலஜிஸ்ட்ஸ் அயர்லாந்து' என்ற பெயரில் உறுப்பினர் பட்டியல் வெளியிடுகிறது. டப்ளின் கில்டேர் தெருவில் உள்ள தேசிய நூலகத்தில் இலவச ஆலோசனையும் உண்டு. எவரிடம் கொடுத்தாலும் பதிவு மாவட்டம், ஆண்டு, தொகுதி எண், பக்க எண் ஆகியவற்றைக் கேளுங்கள். எங்கள் ஆளிடம் நான் கேட்டபோது, "அது எங்கள் தொழில் ரகசியம்" என்று பதில் வந்தது. முத்திரையோடு சான்றிதழ் வேண்டுமானால் அரசுப் பதிவாளர் அலுவலகமே 20 யூரோவுக்குத் தருகிறது. ஆராய்ச்சிக்கான சாதாரண நகல் 5 யூரோதான்.

கார்டில் கட்டிய 150 யூரோவுக்கு வங்கியில் டிஸ்ப்யூட் போட்டோம், திரும்பி வந்துவிட்டது. நேரடியாகக் கணக்கில் போட்ட 240 வரவில்லை. காவல்துறையில் புகார் கொடுத்திருக்கிறோம், அந்த விளம்பரம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பெற்றோர் பெயரோடு 1800-களின் ஐரிஷ் மரணச் சான்றிதழ் உங்கள் வீட்டுக்கும் வந்திருந்தால் காகிதத்தையும் உறையையும் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள், புகாருக்கு அவை வேண்டும்.