மொஹாவே சாலைக் குழுப் பயணத்துக்கு ஆஃப்லைன் வரைபடச் செயலி: ஒரு மதிப்புரை

கலிபோர்னியாவின் மொஹாவே சாலையில் பல வண்டிகளோடு செல்லத் திட்டமிடுவோர் இன்று முதலில் நாடுவது கைப்பேசியில் இயங்கும் வரைபடச் செயலியைத்தான். ஆண்டுச் சந்தாவில் கிடைக்கும் அத்தகைய செயலி ஒன்றைத் திட்டமிடும்போதும் பாலைவனத்திலும் பயன்படுத்திப் பார்த்தேன். கொலராடோ ஆற்றங்கரையிலிருந்து மேற்கே கேம்ப் கேடி என்ற பழைய இராணுவ முகாம் வரை ஏறத்தாழ 220 கிலோமீட்டர் நீளும் இந்த மண்தடத்தின் பெரும்பகுதியில் கைப்பேசித் தொடர்பு கிடைக்காது. ஆகவே வரைபடத்தை முன்கூட்டியே பதிவிறக்கி வைக்கும் வசதியே இதன் உயிர்நாடி. அதில் இந்தச் செயலி குறை வைக்கவில்லை.

பயணத்தை நாள்வாரியாகப் பிரிப்பதற்கு இது மிகவும் உதவுகிறது. இரு இடங்களுக்கு இடையிலான தொலைவையும் ஏற்ற இறக்கத்தையும் உடனே காட்டுவதோடு, வகுத்த தடத்தைக் குழுவினர் அனைவருக்கும் ஒரே கோப்பாக அனுப்பவும் முடிகிறது. ஆனால் பாதை ஏன் இப்படி வளைந்து செல்கிறது என்பதை அது சொல்வதில்லை. மொஹாவே பழங்குடியினர் ஊற்றிலிருந்து ஊற்றுக்கு நடந்த வழி இது. 1776இல் பாதிரியார் கார்செஸும், 1826இல் தோல் வணிகரும் ஆய்வுப் பயணியுமான ஜெடிடையா ஸ்மித்தும், 1857இல் ஒட்டகங்களுடன் சாலை அளவையாளர் எட்வர்ட் பீலும், பின்னர் இராணுவத்தின் சரக்கு வண்டிகளும் அந்த நீர்நிலைகளை நம்பியே கடந்தார்கள். பையூட், ராக், மார்ல், சோடா என்ற ஊற்றுகளின் வரிசையைப் புரிந்துகொண்டால் எங்கே நிற்கலாம், எங்கே முகாமிடலாம் என்பது பெரும்பாலும் தானாகவே தெளிவாகிவிடும். செயலியிலோ பையூட் கோட்டையின் கற்சுவர்களும் ஒரு சாதாரண முகாமிடமும் ஒரே அளவிலான புள்ளிகள்தான்.

உண்மையான குறை, தரையின் நிலையைப் பற்றி அது மௌனம் காப்பதில் இருக்கிறது. மொஹாவே ஆறு வந்து முடியும் சோடா ஏரி, காய்ந்திருக்கும்போது வழவழப்பான வெண்ணிறத் தரை. மழைக்குப் பிறகோ, மேலே உலர்ந்த ஓடும் அடியில் வண்டியைச் சக்கர அச்சுவரை இழுக்கும் சேறுமாக மாறிவிடும். இரண்டு நிலையிலும் திரையில் தெரிவது அதே நேர்கோடுதான். பேக்கர் ஊர் வழியாகச் சுற்றிச் செல்லும் மாற்றுத் தடத்தை நாமே வரைந்து சேர்க்க வேண்டியிருக்கிறது; வழியில் பெட்ரோல் நிலையம் எதுவும் இல்லாததால், எரிபொருளுக்காகவும் அந்த விலகல் தேவைப்படலாம். ஆஃப்டன் பள்ளத்தாக்கில் ஆற்றைக் கடக்கும் இடமும் இப்படித்தான்: நீரின் ஆழம் காலத்துக்குக் காலம் மாறும், எனவே ஒருவர் இறங்கி நடந்து பார்த்த பிறகே முதல் வண்டி இறங்க வேண்டும். பயனர்களின் கருத்துகள் ஓரளவு கைகொடுக்கின்றன என்றாலும், தேதி பழையதாக இருந்தால் அவற்றை நம்பி முடிவெடுக்கக் கூடாது.

குழுவினரின் இருப்பிடத்தைக் காட்டும் வசதி விளம்பரத்தில் பெரிதாகப் பேசப்படுகிறது. இணையம் இல்லாத இடத்தில் அது வேலை செய்யாது. இந்தச் சாலையில் அது ஏறக்குறைய பயனற்றது. முன்வண்டி கிளப்பும் புழுதி அடங்குவதற்காகப் பின்வண்டிகள் வெகுதூரம் விலகி வரும் நிலையில், குழுவை ஒன்றாக வைத்திருப்பது வாக்கி டாக்கியும், பாதை பிரியும் ஒவ்வொரு இடத்திலும் பின்னால் வரும் வண்டி கண்ணில் படும்வரை நிற்கும் வழக்கமும்தான். ஜிஎம்ஆர்எஸ் என்ற வாக்கி டாக்கி அலைவரிசைக்கு அமெரிக்க அரசின் உரிமம் தேவை; கட்டணம் 35 டாலர், தேர்வு கிடையாது, 10 ஆண்டுகள் செல்லும், குடும்பத்தினருக்கும் பொருந்தும். செயலியின் கூடுதல் சந்தாவைவிட அந்தப் பணம் நன்றாகவே பயன்படும்.

விதிகளைப் பற்றிய குறிப்புகள் மேலோட்டமானவை. மொஹாவே தேசியப் பாதுகாப்பகத்துக்குள் நிலவும் தடத்தைவிட்டு விலகி ஓட்டக் கூடாது. பெரிய குழுக்களுக்குச் சிறப்பு அனுமதி தேவைப்படலாம் என்பதால் வண்டிகளின் எண்ணிக்கையைச் சொல்லிப் பாதுகாப்பக அலுவலகத்திடம் முன்பே கேட்டுவிடுவது நல்லது. ஆஃப்டன் பகுதி நில மேலாண்மைத் துறையின் பொறுப்பில் இருப்பதால், அங்கே கேட்க வேண்டிய அலுவலகமும் வேறு. நிழல் தேடிப் பாலைவன ஆமைகள் நிறுத்திய வண்டிகளின் அடியில் ஒதுங்கும் என்பதையும், கிளப்பும் முன் குனிந்து பார்க்க வேண்டும் என்பதையும் எந்தத் திரையும் எனக்கு நினைவூட்டவில்லை.

முழுச் சந்தாவை எல்லோரும் வாங்கத் தேவையில்லை. முதல் வண்டியிலும் கடைசி வண்டியிலும் இருந்தால் போதும். மற்றவர்கள் தடக்கோப்பை இலவச வடிவில் திறந்துகொள்ளலாம். வெயிலில் கைப்பேசி சூடேறி அணையக்கூடும் என்பதால், அந்த இரு வண்டிகளிலும் அச்சிட்ட வரைபடம் ஒன்றும் இருக்கட்டும்.