பன்னிரண்டு ஆண்டுகள், மூன்று கைபேசிகள், ஒரே உலாவி

2013இல் என் முதல் ஆண்ட்ராய்டு கைபேசியில் ஃபயர்பாக்ஸை நிறுவினேன். இன்று கையில் இருப்பது மூன்றாவது கைபேசி, உலாவி அதேதான். அதனுடன் விளம்பரங்களைத் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின் நீட்டிப்பு, திறமூலச் செயலிகளின் கிடங்கான எஃப்-டிராய்டிலிருந்து எடுத்த ஒரு செய்தியோடை வாசிப்பான் (பல தளங்களின் புதுப் பதிவுகளை ஓரிடத்தில் திரட்டித் தரும் செயலி), ஒரு தமிழ் விசைப்பலகை. கைபேசியில் நான் இணையத்தைத் தொடுவதெல்லாம் இவற்றின் வழியாகத்தான். எல்லாமே திறமூல மென்பொருள்கள், அதாவது மூலநிரலை யாரும் பார்த்துத் திருத்தக்கூடியவை. இத்தனை காலப் புழக்கத்தில் என்ன கிடைத்தது, எங்கே இடித்தது என்பதை எழுதுகிறேன்.

முதலில் எழுத்து. பொத்தான் வைத்த கைபேசியில் ஒபேரா மினி வழியாகத் தமிழ் படித்தவர்களுக்கு நினைவிருக்கும்: மறைவாக இருந்த ஓர் அமைப்புப் பக்கத்துக்குப் போய், சிக்கலான எழுத்துகளைப் படமாகக் காட்டும் தெரிவை இயக்க வேண்டும். அதன் பிறகே கட்டங்கள் மறைந்து தமிழ் தெரியும். தொடக்ககால ஆண்ட்ராய்டிலும் கொம்பு ஓரிடம், எழுத்து ஓரிடம் என்று சொற்கள் சிதறிக் கிடந்தன. இன்று 'கொடி' என்ற சொல் நம் திரையில் ஒழுங்காகத் தெரிகிறதென்றால், அதற்குப் பின்னால் ஹார்ஃப்பஸ் என்ற திறமூல நிரலகம் வேலை செய்கிறது. எழுத்துக்கு முன்னால் ஒற்றைக்கொம்பையும் பின்னால் காலையும் இடம் பார்த்து வைப்பது அதன் பணி. பெயர்கூடப் பாரசீகச் சொற்களால் ஆனது. 'ஹர்ஃப்' என்றால் எழுத்து, 'பாஸ்' என்றால் திறந்தது. குரோம், ஃபயர்பாக்ஸ், ஆண்ட்ராய்டு மூன்றும் இதே நிரலகத்தைத்தான் பயன்படுத்துகின்றன. சந்தையில் எதிரெதிரே நிற்பவர்கள் எழுத்தை வரைவதற்கு ஒரே அடுப்பில் சமைக்கிறார்கள். ஒருவர் தமிழுக்காக ஒரு பிழையைத் திருத்தினால் மூவரின் பயனர்களுக்கும் அது போய்ச் சேருகிறது. சிறிய சந்தை உள்ள மொழிகளுக்கு இதைவிடப் பெரிய உதவி எதுவும் கிடைத்ததாக எனக்குத் தெரியவில்லை.

வலைப்பக்கத்தை வரைந்து காட்டும் உலாவி எஞ்சின்களின் கதையும் அப்படித்தான். 1998இல் கேடிஇ என்ற தன்னார்வலர் திட்டத்தில் கேஎச்டிஎம்எல் என்ற பெயரில் தொடங்கிய நிரலை எடுத்து ஆப்பிள் தன் சஃபாரி உலாவியை உருவாக்கியது. அப்படி வளர்ந்த எஞ்சினான வெப்கிட் 2005இல் திறமூலத் திட்டமானது. நோக்கியாவின் எஸ்60 உலாவியும் ஆண்ட்ராய்டின் முதல் உலாவியும் அதன்மேல் எழுந்தவை. 2013இல் கூகுள் அதிலிருந்து குரோமுக்காகப் பிளிங்க் என்ற கிளையைப் பிரித்தது. மேசைக்கணினிக்காகத் தன்னார்வலர்கள் எழுதத் தொடங்கிய நிரலின் வழித்தோன்றல்கள்தான் இன்று உலகின் பெரும்பாலான கைபேசிகளில் பக்கங்களைத் திறக்கின்றன.

இனி என் அனுபவத்துக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் அந்தச் செய்தியோடை வாசிப்பானில் ஒரு கட்டுரையைத் திறந்து வைத்துக்கொண்டு 'கொடை' என்று தேடினேன். சொல் கண்ணெதிரே நான்கு இடங்களில் இருக்கிறது. தேடல் 'எதுவும் இல்லை' என்கிறது. அந்தப் பக்கத்திலிருந்தே சொல்லை நகலெடுத்துத் தேடல் பெட்டியில் ஒட்டினால் நான்கும் கிடைக்கின்றன. திரும்பத் திரும்பச் செய்து பார்த்துவிட்டு, திரைப் படங்களுடன் திட்டத்தின் பக்கத்தில் வழு அறிக்கை எழுதினேன். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. பதில் எழுதியவருக்குத் தமிழ் ஓர் எழுத்துகூடத் தெரியாது. ஆனால் காரணத்தைச் சரியாகப் பிடித்திருந்தார். யூனிகோடில் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளைச் சேர்த்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கட்டுரையை எழுதியவரின் விசைப்பலகை இரண்டாக உள்ளிட்டிருந்தது. என்னுடையது ஒன்றாக உள்ளிட்டது. தேடுவதற்கு முன் இரு பக்கத்தையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் ஒரு சிறு திருத்தத்தை அவர் எழுதினார். சோதித்துச் சொல்லும்படி என்னிடம் கேட்டார். அடுத்த பதிப்பில் அது வெளிவந்தது. இதே குறையை ஒரு மூடிய செயலியின் உதவிப் பக்கத்திலும் தெரிவித்திருந்தேன். தானியங்கி நன்றி மடல் ஒன்று வந்ததோடு சரி.

பாதுகாப்பு விஷயத்தில் படம் இவ்வளவு தெளிவாக இல்லை. என் முதல் கைபேசி ஆண்ட்ராய்டு 4.2. அதன் உற்பத்தியாளர் ஒரே ஒரு புதுப்பிப்போடு கைவிட்டுவிட்டார். அந்தக் காலத்தில் செயலிகளுக்குள் வலைப்பக்கம் காட்டும் வெப்வியூ, இயங்குதளத்தோடு ஒட்டியிருந்தது, 5.0 பதிப்பில்தான் அதைத் தனியாகப் புதுப்பிக்க வழி பிறந்தது. 4.3க்கும் அதற்கு முந்தையவற்றுக்கும் வெப்வியூத் திருத்தங்கள் நின்றுவிட்டது 2015 தொடக்கத்தில் தெரியவந்தது. மூலநிரல் உலகத்துக்கே திறந்திருந்தது. ஆனால் யாராவது திருத்தினாலும் அது என் கைபேசிக்கு வந்து சேர உற்பத்தியாளர் மனம் வைக்க வேண்டியிருந்தது. ஃபயர்பாக்ஸ் தன் எஞ்சினைத் தன்னுடனேயே கொண்டுவருவதால், அதே பழைய கைபேசியில் உலாவி மட்டும் தொடர்ந்து புதுப்பிக்கப்பட்டு வந்தது. பழைய கைபேசியை விடாமல் வைத்திருப்பவர்களுக்கு இதை முதல் பரிந்துரையாகவே சொல்வேன்.

இரண்டாவது கைபேசிக்கும் இரண்டே ஆண்டுகளில் அதே கதி. இந்த முறை நான் சும்மா இருக்கவில்லை. ஆண்ட்ராய்டின் மாற்று வடிவமான சயனோஜன்மாட் மூடப்பட்ட பிறகு 2016 டிசம்பரில் அதன் தொடர்ச்சியாகத் தொடங்கிய லீனியேஜ் ஓஎஸ் அந்த மாதிரிக்குக் கிடைத்தது. ஒரு விடுமுறை நாள் முழுக்க உட்கார்ந்து, தரவையெல்லாம் காப்பெடுத்துவிட்டு நிறுவினேன். கைபேசி மேலும் நான்கு ஆண்டுகள் உழைத்தது. கேமராவின் தரம் குறைந்தது உண்மை. அதை இயக்கும் நிரல் திறமூலம் அல்ல என்பதால் யாராலும் முழுதாகச் சரிசெய்ய முடியவில்லை. திறந்த அடுக்குகளுக்கு நடுவே ஒரே ஓர் அடுக்கு மூடியிருந்தாலும் கதவு அங்கேயே நின்றுவிடுகிறது என்பதை நான் அந்தக் கேமராவில்தான் கண்டேன்.

விளம்பரத் தடுப்பைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. யூபிளாக் ஆரிஜின் இல்லாமல் கைபேசியில் செய்தித் தளங்களைத் திறக்க எனக்கு மனம் வருவதில்லை. பக்கம் வேகமாக ஏறுகிறது, தரவு மிச்சமாகிறது, படித்துக்கொண்டிருக்கும் வரி துள்ளி ஓடுவதில்லை. ஆண்ட்ராய்டுக் கைபேசியில் குரோம் நீட்டிப்புகளை ஏற்பதில்லை. எனக்கு இது ஒன்றே போதுமான காரணம். 2020 ஆகஸ்டில் ஃபயர்பாக்ஸின் ஆண்ட்ராய்டுப் பதிப்பு புதிதாக எழுதப்பட்டு வந்தபோது விரல்விட்டு எண்ணக்கூடிய நீட்டிப்புகளே அதில் இயங்கின. யூபிளாக் அவற்றில் ஒன்றாக இருந்ததால் நான் தப்பித்தேன். 2023 டிசம்பரில் கதவு மீண்டும் அகலத் திறந்தது.

எனக்குத் தீராத வருத்தம் ஒன்று உண்டு. நான் கணக்கு வைத்திருக்கும் ஒரு வங்கியின் தளம், 'உங்கள் உலாவிக்கு ஆதரவு இல்லை' என்று சொல்லி உள்ளே விட மறுக்கிறது. உலாவியின் அடையாளத்தை மாற்றிக் காட்டினால் அதே தளம் ஒரு குறையுமின்றி வேலை செய்கிறது. அப்படியானால் தடை எஞ்சினில் இல்லை. ஒரே எஞ்சினில் மட்டும் சோதித்துவிட்டு நிறுத்திக்கொண்டவர்களின் வழக்கத்தில் இருக்கிறது. பிளிங்க் திறமூலம்தான். வெப்கிட்டும் திறமூலம்தான், ஆனாலும் ஐபோனில் எந்த உலாவியை நிறுவினாலும் உள்ளே வெப்கிட்டே இருக்க வேண்டும் என்ற விதி நீண்ட காலம் எங்கும் நீடித்தது. 2024 மார்ச்சில் ஐஓஎஸ் 17.4 வந்தபோது, அதுவும் ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டத்துக்காக அங்கே மட்டும், விலக்கு கிடைத்தது. நிரல் திறந்திருப்பதும் பயனருக்குத் தெரிவு இருப்பதும் வெவ்வேறு. முதலாவது இருந்தால் இரண்டாவது தானே வந்துவிடும் என்று நானும் பல ஆண்டுகள் நம்பியிருந்தேன்.

இன்னொன்று, உழைப்பவர்களின் நிலை. 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் பிழை வெளியானபோது ஒரு செய்தி என்னை உலுக்கியது: அந்தப் பிழை இருந்த, தொடர்புகளை மறையாக்கம் செய்து இணையத்தின் பெரும்பகுதியைக் காத்துநின்ற ஓப்பன்எஸ்எஸ்எல் திட்டத்துக்கு அதுவரை வந்த நன்கொடை ஆண்டுக்குச் சுமார் 2000 டாலர்தான். ஆண்ட்ராய்டு 4.1.1ஐயும் அந்தப் பிழை பாதித்திருந்தது. அன்று முதல், நான் நாள்தோறும் பயன்படுத்தும் திட்டங்களுக்கு மாதம் ஒரு சிறு தொகை அனுப்பி வருகிறேன்.

அந்தச் செய்தியோடை வாசிப்பானின் பராமரிப்பாளர், வேலைப்பளு காரணமாக விலகுவதாகச் சென்ற ஆண்டு எழுதினார். இரண்டு மாதம் எந்த அசைவும் இல்லை. பிறகு வேறொருவர் நிரலைக் கிளையாக எடுத்துப் புதுப் பெயரில் வெளியிட்டார். என் ஓடைப் பட்டியலை ஏற்றுமதி செய்து அதில் சேர்த்தேன். ஐந்து நிமிட வேலை. நிறுவியதும் முதலில் 'கொடை' என்று தேடிப் பார்த்தேன். நான்கும் கிடைத்தன.