கலோரிக் கணக்கு, விரதம், கீட்டோ, உடற்பயிற்சி: பால் கொடுக்கும் அம்மாவின் பசிக்கு முன் எது நிற்கும்?

பால் கொடுக்கும் பெண்ணின் பசிக்கு நேரம் காலம் கிடையாது. சாப்பிட்ட கை காய்ந்திருக்காது; குழந்தை ஒருமுறை குடித்து முடித்ததும் வயிறு கபகபவென்று எரியும், காது அடைக்கும். பசி இப்படி இருக்க, கர்ப்பத்தில் ஏறிய எடையோ இறங்க மறுக்கும். நடுவில் நிற்பவளுக்கு ஆளுக்கொரு வழி சொல்வார்கள். கவலைப்படாமல் சாப்பிடு, பால் கொடுத்தாலே இளைத்துவிடுவாய். கலோரியை எண்ணு. நட, ஓடு. 16 மணி நேரம் பட்டினி கிட. மாவுச்சத்தை நிறுத்து.

எடை எவ்வளவு குறையும் என்பதை மட்டும் வைத்து இவற்றை ஒப்பிட்டால் தப்பான பதில்தான் வரும். பால் குறையுமா, அம்மாவின் உடம்பு தாங்குமா என்று பார்க்க வேண்டும். கூடவே இன்னொன்று: அதிகாலை 3 மணிக்குக் குழந்தை குடித்து முடித்தபின் வரும் பசிக்கு அந்த வழியிடம் பதில் உண்டா? பெரும்பாலான திட்டங்கள் கவிழ்வது இந்த இடத்தில்தான்.

முதலில் வரவு செலவு. தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தைக்காக முதல் 6 மாதங்களில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 750 முதல் 800 மில்லி வரை பால் சுரக்கிறது. இதற்காகும் செலவு நாளுக்குச் சுமார் 675 கிலோகலோரி (பேச்சு வழக்கில் கலோரி) என்று உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை அமைப்பும் சேர்ந்து தயாரித்து 2004இல் வெளியான அறிக்கை கணக்கிட்டது. அதில் 170 போல உடம்பில் சேர்ந்திருக்கும் கொழுப்பிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். மீதி 505 கூடுதல் சாப்பாடாக வர வேண்டும். கொழுப்பிலிருந்து தினமும் 170 போனால் மாதத்துக்கு முக்கால் கிலோவுக்குச் சற்று மேல் குறையும். அதாவது நன்றாகச் சாப்பிட்டபடியே மெதுவாக இளைப்பதுதான் எதிர்பார்க்கப்படும் போக்கு.

பசி ஏன் இவ்வளவு? பாலைச் சுரக்க வைக்கும் புரோலாக்டின் என்ற ஹார்மோனே பசியையும் கூட்டுகிறது. தூக்கம் துண்டு துண்டாகும்போது பசியைத் தூண்டும் கிரெலின் ஏறுகிறது, 'போதும்' என்று சொல்லும் லெப்டின் இறங்குகிறது. வாய்க்கட்டுப்பாடு இல்லாதவள் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

பசிக்குச் சாப்பிட்டுவிட்டுக் காத்திருப்பது

பிரசவமான முதல் 6 முதல் 8 வாரங்களுக்கு இதற்குப் போட்டியே கிடையாது. அது பச்சை உடம்பு; தையலும் கருப்பையும் ஆறவேண்டிய காலம். குழந்தையின் தேவைக்கேற்பப் பால் ஊறப் பழகுவதும் அப்போதுதான். அந்த நேரத்தில் உணவைக் குறைப்பதில் லாபம் ஒன்றுமில்லை.

அதற்குப் பிறகு இதன் பலவீனம் தெரியும். 'பால் கொடுத்தாலே இளைத்துவிடும்' என்பது பாதி உண்மை. சிலருக்குத் தானாகக் கரைகிறது. சிலருக்குப் பால் நிறுத்தும்வரை கடைசி நாலைந்து கிலோ அசைவதே இல்லை. ஆய்வுகளிலும் தாய்ப்பாலால் மட்டும் குறையும் எடை சிறியதாகவும் ஆளுக்கு ஆள் மாறுவதாகவுமே வருகிறது. பசிக்குச் சாப்பிடுவதில் இன்னொரு சிக்கல், எதைச் சாப்பிடுகிறோம் என்பது. குழந்தையை ஒரு கையில் ஏந்தியவளுக்கு மறு கையால் எடுக்க வருவது பிஸ்கட்டுதான். யானைப் பசிக்குச் சோளப்பொரி போல அது. அரை மணி நேரத்தில் மறுபடி வயிறு கேட்கும்.

அளவாகக் குறைப்பது

என் ஓட்டு இதற்கு. காரணம், சோதித்துப் பார்த்த வழி இது. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், எடை கூடுதலாக இருந்த 40 தாய்மார்கள் பிரசவமாகி 4 வாரத்தில் சேர்ந்தார்கள். ஒரு பிரிவினர் தினமும் 500 கிலோகலோரியைக் குறைத்துக்கொண்டார்கள். வாரத்தில் 4 நாள் 45 நிமிடம் உடற்பயிற்சியும் செய்தார்கள். 10 வாரத்தில் அவர்கள் குறைத்தது சராசரியாக 4.8 கிலோ, வழக்கம்போல இருந்த பிரிவினர் குறைத்தது 0.8 கிலோ. இரு பிரிவுக் குழந்தைகளின் வளர்ச்சியிலும் வித்தியாசம் இல்லை. 'ஒரு வாய் குறைத்தாலும் பால் வற்றிவிடும்' என்ற பயத்துக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் இதில் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. அந்த 500ஐ எதிலிருந்து கழிப்பது? பால் சுரக்க ஆகும் செலவையும் சேர்த்த மொத்தத் தேவையிலிருந்து. உதாரணமாக, சாதாரணமாக 2,000 தேவைப்படும் பெண்ணுக்குப் பால் கொடுக்கும்போது மொத்தம் 2,600 போல ஆகும். 500 போனாலும் 2,100. கர்ப்பத்துக்கு முன் சாப்பிட்டதைவிட அது அதிகம்! இது புரியாமல் பழைய 1,200 கலோரி அட்டவணையைத் தூசு தட்டி எடுப்பவர்கள்தான் பால் குறைந்தது, தலை சுற்றியது என்று வந்து நிற்பார்கள். நாளுக்கு 1,800க்குக் கீழே இறங்காமல் இருப்பது நல்லது. 1,500க்குக் கீழே போனால் பால் அளவும் அடிபடலாம், சத்துகளும் எட்டாது. வாரத்துக்கு அரை கிலோ போதும்.

பசியை இந்த வழி எப்படிச் சமாளிக்கிறது? தட்டின் அளவைச் சுருக்கினால் சமாளிக்காது. தட்டில் இருப்பதை மாற்றினால் சமாளிக்கும். ஒவ்வொரு வேளையிலும் புரதம் ஒன்று கண்ணில் பட வேண்டும்: முட்டை, பருப்பு, மீன், தயிர், ஏதோ ஒன்று. அதோடு முழுத்தானியம், காய், தோலோடு பழம். புரதமும் நார்ச்சத்தும் வயிற்றில் தங்கும் நேரம் அதிகம். பிஸ்கட் இருந்த இடத்தில் அவித்த முட்டையும் ஒரு பழமும் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. மூன்று பெரிய வேளைகளுக்குப் பதில் ஐந்தாறு சிறிய வேளைகளாகப் பிரிப்பது குழந்தையின் கடிகாரத்தோடு ஒத்துப்போகும். 3 மணிப் பசிக்கும் ஒரு கிண்ணத்தைப் படுக்கும்முன்பே எடுத்து வைத்துவிட வேண்டும், நாளின் கணக்கிலேயே சேர்த்து. அந்த நேரத்தில் யோசித்துச் சாப்பிட யாராலும் முடியாது. பக்கத்தில் தண்ணீரும் இருக்கட்டும். குழந்தை வாய் வைத்ததும் நாக்கு வறள்வது இயல்பு. தாகத்துக்குக் குடித்தால் போதும். குடம் குடமாகக் குடிப்பதால் பால் கூடுவதில்லை.

குறைவாகச் சாப்பிடும்போது எதை விட்டுவிடக் கூடாது என்பதும் முக்கியம். அம்மா கால்சியம் குறைவாக எடுத்தாலும் பாலில் அது பெரிதாகக் குறையாது. வைட்டமின் பி12, அயோடின், தயாமின் (வைட்டமின் பி1) போன்றவை அப்படியல்ல. அம்மாவிடம் குறைந்தால் பாலிலும் குறையும். அசைவம், முட்டை, பால் எதுவும் தொடாதவர்கள் பி12 மாத்திரையைப் பற்றி டாக்டரிடம் பேசாமல் எடைக் குறைப்பில் இறங்கக் கூடாது.

உடற்பயிற்சி மட்டும்

பால் கெட்டுவிடும், புளித்துவிடும் என்ற பேச்சை நம்ப வேண்டாம். மிதமான உடற்பயிற்சி பாலின் அளவையோ சத்தையோ குறைப்பதில்லை என்று 1994இலேயே ஓர் ஆய்வு காட்டியது. அதே ஆய்வில் இன்னொரு சங்கதியும் இருந்தது: 12 வாரம் உடற்பயிற்சி செய்த தாய்மார்கள், செய்யாதவர்களைவிட அதிகம் இளைக்கவில்லை. செலவழித்ததைச் சாப்பாட்டில் ஈடுகட்டிவிட்டார்கள். பசி கணக்கு வைத்துக்கொள்கிறது!

ஆகவே எடை குறைக்க இது தனியாகப் போதாது, துணையாக வரட்டும். சாப்பாட்டை மட்டும் குறைத்தால் கொழுப்போடு தசையும் கொஞ்சம் கரையும், கூடவே உடற்பயிற்சி இருந்தால் தசை தங்கும். மனசுக்கும் நல்லது. குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டுக் கிளம்பினால் மார்பு கனக்காது. அறுவை சிகிச்சைப் பிரசவமாக இருந்தால் எப்போது தொடங்கலாம் என்பதை டாக்டர் சொல்லட்டும்.

நேரம் வைத்துப் பட்டினி

நாளில் 16 மணி நேரம் சாப்பிடாமல் இருக்கும் இன்டர்மிட்டன்ட் ஃபாஸ்டிங்குக்கு இப்போது மவுசு அதிகம். ஒரு வேளை தவறினால் பால் நின்றுவிடாது, உண்மைதான். ஆனால் இந்த முறையை மாதக்கணக்கில் கடைப்பிடித்த தாய்மார்களைப் பற்றிய நம்பகமான ஆய்வுகள் குறைவு. அதைவிட எளிய ஆட்சேபம் எனக்கு உண்டு: இது இரவில் தூங்குகிறவர்களுக்காக வகுத்த முறை. இரவெல்லாம் பால் கொடுப்பவளுக்கு அந்தப் பட்டினி நேரம் முழுக்க விழித்திருக்கும் நேரம். சாப்பிடும் நேரம் திறந்ததும் கண்ணில் பட்டதையெல்லாம் அள்ளிப் போடுவதில் போய் முடியும். எட்டு மணி நேரத்துக்குள் 2,000 கலோரியும் தேவையான சத்தும் அடங்குவதும் லேசில்லை. என்னைக் கேட்டால், குழந்தை இரவில் தொடர்ந்து தூங்கத் தொடங்கியபின், இரவு உணவுக்கும் காலை உணவுக்கும் நடுவில் 12 மணி நேரம் விடலாம். அதற்கு மேல் வேண்டாம்.

கீட்டோ

மாவுச்சத்தை ஏறக்குறைய நிறுத்திவிட்டுக் கொழுப்பை நிறையச் சாப்பிடும் முறை இது. இதில் ஒப்பீடே வேண்டாம், விலக்க வேண்டியது. பசியை அடக்குவதில் கீட்டோ கெட்டிக்காரன்தான். அந்தக் கெட்டிக்காரத்தனமே இங்கே ஆபத்து. பாலின் சர்க்கரையான லாக்டோஸை உடம்பு குளுக்கோஸிலிருந்து செய்கிறது. வரும் மாவுச்சத்தை ஏறக்குறைய நிறுத்திவிட்டுப் பாலும் கொடுத்தால், கொழுப்பு கரையும்போது உண்டாகும் கீட்டோன்கள் எகிறி ரத்தம் அமிலமாகலாம். நீரிழிவு இல்லாத, ஆரோக்கியமான தாய்மார்களே இப்படிக் கீட்டோஅசிடோசிஸ் வந்து அவசர சிகிச்சைக்குப் போன நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. குமட்டல், வாந்தி, வேகமான மூச்சு, நடுக்கம், தாங்க முடியாத சோர்வு ஆகியவை அறிகுறி. வந்தால் மறுநாள்வரை காத்திருக்கக் கூடாது. பால் கொடுப்பவருக்கு நாளுக்கு 210 கிராம் மாவுச்சத்து என்பது அமெரிக்கப் பரிந்துரை. கீட்டோவில் வழக்கமாகக் கிடைப்பது 50க்கும் கீழே.

எடைக் குறைப்பு மாத்திரை, ஊசி, உணவுக்குப் பதில் குடிக்கும் பவுடர் ஆகியவற்றை டாக்டர் சொல்லாமல் தொடவே வேண்டாம்.

எந்த வழியானாலும் தராசு அம்மாவுக்கு மட்டும் போதாது. குழந்தை நாளில் 6 டயப்பருக்குக் குறையாமல் நனைக்கிறதா, எடை ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பால் குறைவதாகத் தோன்றினால் அடுத்த நாளே ஒரு வேளை உணவைக் கூட்டி, குழந்தைக்கு அடிக்கடி பால் கொடுக்க வேண்டும்.

சரியாகச் செய்தும் எடை நகரவில்லை, முடி கொட்டுகிறது, எந்நேரமும் அசதி என்றால் தைராய்டு பரிசோதனை செய்துகொள்ளலாம். பிரசவத்துக்குப் பின் வரும் தைராய்டு அழற்சி அப்படியொன்றும் அபூர்வமல்ல. முதலில் சுரப்பு கூடிப் படபடப்பும் இளைப்பும் வரும். சில மாதங்கள் கழித்துச் சுரப்பு குறைந்து எடை பிடித்துக்கொள்ளும். அதைச் சாப்பாட்டைக் குறைத்துச் சரிசெய்ய முடியாது.

6 மாதம் கடந்து குழந்தை திட உணவுக்குப் பழகும்போது கணக்கு மறுபடி மாறும். பால் குறையக் குறைய அந்தக் கூடுதல் செலவும் குறையும், சாப்பிட்டுப் பழகிய கை மட்டும் தானாகக் குறைத்துக்கொள்ளாது. இரவுப் பால் நின்ற வாரத்திலேயே இரவுக் கிண்ணத்தையும் நிறுத்திவிடுங்கள்.