பிஸ்கட்டில் தொடங்கிப் பாலில் முடிந்த எட்டு மாதம்: ஐமேப் பால் ஏணி, எங்கள் வீட்டு அனுபவம்

எங்கள் ஃப்ரிட்ஜ் கதவில் எட்டு மாதமாக ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஆறு படி வரைந்த ஏணிப் படம். அடிப்படியில் பிஸ்கட், அதற்கு மேல் மஃபின், பிறகு பான்கேக், சீஸ், தயிர், உச்சியில் பால். பசும்பால் ஒத்துக்கொள்ளாத குழந்தைக்குப் பாலை மறுபடி பழக்க இந்த வரிசையில் ஏற வேண்டும். ஐமேப் என்ற பால் அலர்ஜி வழிகாட்டியோடு வரும் பால் ஏணி இதுதான். 2013-இல் பிரிட்டனில் முதல் வடிவம் வந்தபோது 12 படிகள் இருந்தன. 2017-இல் பல நாட்டு மருத்துவர்களும் டயட்டீஷியன்களும் சேர்ந்து திருத்தி ஆறாக்கினார்கள். காசு கொடுத்து வாங்கும் பொருள் இல்லை என்றாலும் இந்த வருடம் எங்கள் வீட்டில் அதிகம் பயன்பட்டது இதுதான். அதனால் விமர்சனம் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பால் பட்டவுடன் உதடு வீங்குவது, உடம்பெல்லாம் தடிப்பு வருவது, வாந்தி எடுத்துத் துவள்வது, மூச்சு இழுப்பது என்று இருக்கும் குழந்தைக்கு இந்த ஏணியை வீட்டில் தொடவே கூடாது. அது உடனடி வகை அலர்ஜி. அந்தக் குழந்தைக்குப் பாலைத் திரும்பக் கொடுத்துப் பார்ப்பதெல்லாம் மருத்துவமனையில், டாக்டர் பக்கத்தில் இருக்கும்போதுதான். என் மகளுக்கு இருந்தது தாமத வகை. பால் உள்ளே போய்ப் பல மணி நேரம் கழித்து, சில சமயம் இரண்டு நாள் கழித்துத்தான் தெரியும். அதுவும் லேசானது. ஏணி இவர்களுக்கானது.

நாங்கள் லண்டனில் ஹாரோ பக்கம் இருக்கிறோம். பாப்பாவுக்கு ஏழு வாரம் ஆனபோது தாய்ப்பாலோடு புட்டிப்பாலும் சேர்த்தோம். பத்தே நாளில் கன்னத்திலும் முழங்கை மடிப்பிலும் கரப்பான். மலத்தில் சளி, அதற்குள் நூல் மாதிரி ரத்தம். முதலில் பார்த்த டாக்டர், "பச்சைக் குழந்தைக்கு இதெல்லாம் வரும், போகும்" என்று அனுப்பிவிட்டார். அடுத்த வாரம் நாப்பியையே ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு வேறொரு டாக்டரிடம் போனேன். அவர் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு அன்றைக்கே டயட்டீஷியனுக்கு எழுதினார்.

டயட்டீஷியன் சொன்னது சுருக்கமானது. நான்கு வாரம் பசும்பால் புரதம் துளியும் கூடாது. பாப்பாவுக்கு வேறு பால்பொடி டின், எனக்கும் பால், தயிர், வெண்ணெய், நெய் எதுவும் இல்லை, அதற்குப் பதில் கால்சியமும் வைட்டமின் டி-யும் மாத்திரையாக. அந்த டின்னில் இருப்பதும் பசும்பால் புரதம்தான், ஆனால் நொதி விட்டு மிகச் சின்னத் துண்டுகளாக உடைத்தது. உடம்பின் எதிர்ப்புச் சக்திக்கு அது பால் என்று அடையாளம் தெரியாத அளவுக்கு. அலர்ஜிக் குழந்தைகளில் குறைந்தது 90 சதவீதம் பேராவது தாங்குவார்கள் என்று 95 சதவீத உறுதியோடு சோதனையில் காட்டினால்தான் இப்படிப்பட்ட பாலுக்கு ஒவ்வாமை குறைந்தது என்ற பெயர் கிடைக்கும். அதுவும் ஒத்துக்கொள்ளாத சில குழந்தைகளுக்கு அமினோ அமிலப் பால் என்று இன்னொன்று இருக்கிறது. எங்களுக்கு அதுவரை போக வேண்டியிருக்கவில்லை. டின்னைத் திறந்தால் ஒரு கசந்த வாடை. பாப்பா முதல் நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், நான்காம் நாள் குடித்துவிட்டாள். இரண்டாவது வாரத்தில் ரத்தம் நின்றது, கரப்பான் காய்ந்து உதிர்ந்தது.

சரி, கண்டுபிடித்தாகிவிட்டது என்று நிம்மதியாக இருந்தேன். டயட்டீஷியன் இல்லை என்றார். "இப்போது முன்பு கொடுத்த பழைய புட்டிப்பாலைத் திரும்பக் கொடுத்துப் பார்க்க வேண்டும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. வீட்டுக்காரர், "ஆறின புண்ணை எதுக்குக் கீறணும்?" என்று கேட்டார். ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவோ, "அந்தப் பொடியே வேண்டாம்டி, ஆட்டுப்பால் கொடு, நீயெல்லாம் அதுலதான் வளர்ந்தே" என்றார். ஆட்டுப்பாலை மட்டும் உடனே தடுத்துவிட்டேன். இத்தாலியில் 1999-இல் பசும்பால் அலர்ஜி உறுதியான 26 குழந்தைகளுக்கு ஆட்டுப்பாலைச் சோதித்துப் பார்த்தார்கள், 24 பேருக்கு அதுவும் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு பாலின் புரதமும் அவ்வளவு நெருங்கிய சொந்தம். எருமைப் பாலுக்கும் இதே கதைதான்.

திரும்பக் கொடுப்பதைத் தடுக்க எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. தேடத் தேட, பால் அலர்ஜி ஆய்வுகள் எல்லாமே அந்த ஒரு இடத்தில்தான் நிற்கின்றன என்று தெரிந்தது. யூரோப்ரிவால் என்று ஐரோப்பாவில் ஒன்பது நாடுகளில் 12,049 குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து தொடர்ந்து பார்த்தார்கள். பால் அலர்ஜியாக இருக்குமோ என்று சந்தேகப்பட்டது 358 பேருக்கு. கொடுத்துப் பார்க்கும் சோதனையில் உறுதியானது 55 பேருக்கு. எத்தனையோ குழந்தைகளுக்குச் சந்தேகம் மட்டும்தான். வயிறு தானாக நேராகியிருக்கும், அல்லது கரப்பான் வேறு காரணத்தில் வந்திருக்கும், பழி பால் மேல். சோதிக்காமல் விட்டால் அந்தக் குழந்தையும் வருடக்கணக்கில் பாலில்லாமல் வளரும்.

இந்தக் கவலை எனக்கு மட்டும் வந்ததில்லை. இங்கே 2006-இல் அலர்ஜிக் குழந்தைகளுக்கான சிறப்புப் பாலுக்கு எழுதிய மருந்துச் சீட்டுகள் 1,05,029. 2016-இல் ஆறு லட்சத்துக்கு மேல். அரசு மருத்துவச் சேவைக்குச் செலவு 81 லட்சம் பவுண்டிலிருந்து ஆறு கோடி பவுண்டைத் தாண்டியது. பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் 2018-இல் இதை வெளியிட்டு, பால்பொடி நிறுவனங்களின் செல்வாக்கு இதில் எவ்வளவு என்று கேட்டது. 2020-இல் இன்னொரு குழு பால் அலர்ஜி வழிகாட்டிகள் ஒன்பதை எடுத்துப் பார்த்தது. அதில் மூன்றுக்குப் பால்பொடி நிறுவனங்களோ அவர்களுக்கு விளம்பர ஆலோசனை சொல்பவர்களோ நேரடியாக ஆதரவு கொடுத்திருந்தார்கள். எழுதியவர்களில் 81 சதவீதம் பேருக்கு அந்த நிறுவனங்களோடு ஏதோ ஒரு தொடர்பு. இதைப் படித்த அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆனால், பாலைத் திரும்பக் கொடுத்து உறுதி செய் என்று ஐமேப்பிலேயே எழுதியிருக்கிறது. அதைச் செய்தால் தேவையில்லாத டின்கள் வீட்டுக்கு வராது. அந்த ஒரு வரிக்காகவே எனக்கு இந்த வழிகாட்டி மேல் மதிப்பு.

கொடுத்தோம். ஒரு சனிக்கிழமை, அன்றைய முதல் புட்டியில் 30 மில்லி பழைய பால். ஞாயிறு 60. திங்கள் 90. செவ்வாய் காலை நாப்பியில் சளி, கன்னம் சிவப்பு. நிறுத்தினோம். இனி சந்தேகமில்லை, அலர்ஜிதான். அன்று மாலை வீட்டுக்காரரே கடைக்குப் போய் அலமாரிக்கு முன்னால் நின்று பிஸ்கட் பாக்கெட்டுகளைத் திருப்பித் திருப்பிப் படித்தார். இங்கே லேபிளில் பால் என்ற சொல்லைத் தடித்த எழுத்தில் போட்டிருப்பார்கள், கண்டுபிடிக்க எளிது. கேசின், வே என்று பால் புரதங்களின் பெயர் இருந்தாலும் பால்தான். நம் ஊர்ச் சாமான் கடையில் திறந்த தட்டில் வைத்திருக்கும் முறுக்கையும் மிக்சரையும் மட்டும் வாங்குவதை விட்டோம். வெண்ணெயா எண்ணெயா என்று விற்பவருக்கே தெரியாது.

பாப்பாவுக்குப் பதினோரு மாதம் ஆனபோது ஏணியில் கால் வைத்தோம். குறைந்தது ஆறு மாதமாவது பால் இல்லாமல் இருந்த பிறகுதான் ஏற வேண்டும்.

ஏன் பிஸ்கட்டில் தொடங்குகிறார்கள்? பால் புரதத்தில் ஐந்தில் நான்கு பங்கு கேசின், மீதி வே. அடுப்பில் நன்றாக வெந்தால் வே புரதங்களின் உருவம் குலைந்துபோகும். கோதுமை மாவோடு சேர்ந்து வேகும்போது புரதம் மாவுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளவும் செய்யும். நியூயார்க்கில் மவுன்ட் சினாய் மருத்துவமனையில் 2008-இல் 100 அலர்ஜிக் குழந்தைகளுக்கு மாவில் கலந்து வேகவைத்த பாலைக் கொடுத்துப் பார்த்தார்கள். பச்சைப் பாலைத் தாங்காத 68 பேர் மஃபினைத் தாங்கினார்கள். அது மருத்துவமனைக்குள் நடந்த சோதனை, உடனடி வகைக் குழந்தைகளிடம். ஆனால் நன்றாக வெந்ததிலிருந்து குறைவாக வெந்ததற்குப் போகும் இந்த வரிசைக்குப் பின்னால் இருக்கும் யோசனை அதுதான்.

பிஸ்கட் செய்முறை தாளோடேயே வருகிறது. 125 கிராம் மைதா, 50 கிராம் பால் சேராத ஸ்ப்ரெட், 40 கிராம் மசித்த வாழைப்பழம், ஒரு தேக்கரண்டி கொழுப்பு நீக்கிய பால்பொடி. விரல் நீளத்தில் இருபது பிஸ்கட். அந்த ஒரு தேக்கரண்டியை இருபதாகப் பங்கு போட்டால் ஒரு பிஸ்கட்டில் எவ்வளவு இருக்கும்? ஒரு சிட்டிகைகூட வராது. அவ்வளவு பாலுக்கு நான் அன்றைக்கு ராத்திரி மூன்று தடவை எழுந்து நாப்பியைப் பார்த்தேன். மறுநாளும் ஒன்றும் ஆகவில்லை. ஒன்று இரண்டாகி, மூன்றானது. மஃபின் சுலபமாகப் போனது.

பான்கேக்கில் சறுக்கினோம். அது கல்லில் இரண்டு நிமிடம்தான் வேகிறது, மஃபின் மாதிரி ஓவனில் வேகுவதில்லை. மூன்றாவது நாள் கன்னத்தில் பழைய சிவப்பு. ஒத்துக்கொள்ளாவிட்டால் முந்தைய படிக்கு இறங்கி, கொஞ்ச காலம் கழித்து மறுபடி ஏறு என்று தாளில் இருக்கிறது. மஃபினுக்கு இறங்கி இரண்டரை மாதம் அங்கேயே இருந்தோம். நடுவில் ஒரு சளிக் காய்ச்சல் வந்தது. குழந்தைக்கு உடம்பு சரியில்லாதபோது படி ஏறக்கூடாது என்பதால் இன்னும் தள்ளிப்போனது. அவசரப்படாமல் இருந்ததற்கு இப்போது சந்தோஷப்படுகிறேன். இரண்டாவது முறை பான்கேக் எந்தத் தொந்தரவும் தரவில்லை.

ஏணியில் எனக்கு ஒரு குறை உண்டு. எல்லாம் இந்த ஊர்ச் சாப்பாடு. எங்கள் வீட்டில் ஓவனில் பாத்திரம் அடுக்கி வைத்திருந்தோம், அதைக் காலி செய்துதான் பிஸ்கட்டே சுட்டேன். ரவா கேசரியோ பாயசமோ எந்தப் படி என்று தாளில் தேடினால் கிடைக்காது. டயட்டீஷியனிடம் கேட்டேன். பால் எவ்வளவு, எவ்வளவு நேரம் எவ்வளவு சூட்டில் வெந்தது, கோதுமை உண்டா, இந்த மூன்றையும் பார்க்க வேண்டும் என்றார். கடைசியில் தூவும் நெய்யிலும் கொஞ்சம் பால் புரதம் தங்கியிருக்கும், ஆகவே அதை நாமே கணக்குப் போட்டு நுழைக்க வேண்டாம் என்றும் சொன்னார். தமிழ்த் தாய்மார்கள் நம் சமையலை வைத்துச் சொந்தமாக ஏணி கட்டாதீர்கள். டயட்டீஷியனைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

ஐந்தாம் படி தயிர். அன்றைக்கு அம்மா கரூரிலிருந்து வீடியோவில் இருந்தார். குழைய வடித்த சோற்றில் முதலில் ஒரு கரண்டித் தயிர், உப்பு இல்லை, தாளிப்பு இல்லை. பாப்பா விரலைத் தட்டில் விட்டு எடுத்து நக்கினாள், பிறகு இரண்டு கையாலும் அள்ளினாள். தலைமுடி வரைக்கும் தயிர். அம்மா பேசவே இல்லை, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே பார்த்தார்.

பத்தொன்பது மாதத்தில் டம்ளர் பால். யூரோப்ரிவாலில் ஒரு வருடம் கழித்து மறுபடி பார்க்க வந்த குழந்தைகளில் 69 சதவீதம் பேர் பாலைத் தாங்கினார்கள். என் மகளைப் போல ரத்தத்தில் பாலுக்கான ஐஜிஇ (உடனடி வகை அலர்ஜியைக் கிளப்பும் எதிர்ப்புப் பொருள்) இல்லாதவர்கள் அத்தனை பேரும் தாங்கினார்கள். எட்டு மாதமும் இந்த வரியைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஐந்துக்கு நாலரை கொடுக்கிறேன். அரை மதிப்பெண் குறைத்தது நம் சாப்பாட்டுக்கு அதில் இடமில்லாததற்கு. தாளை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து, ஓரத்தில் நான் பென்சிலால் எழுதிய தேதிகளோடு, பாப்பாவின் தடுப்பூசிப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன். பான்கேக் பக்கத்தில் மட்டும் இரண்டு தேதி இருக்கிறது.