மண்புழு உரம்னு சொல்லி 23,500 ரூபாயை ஏமாத்திட்டாங்க. மஞ்சள் போடறவங்க படிச்சிருங்க

வயிறு எரிஞ்சு எழுதறேன். எழுத்துப் பிழை இருந்தா பொறுத்துக்கோங்க.

கோபி பக்கம் ஒன்றரை ஏக்கர் மஞ்சளுக்கு அடியுரம் போடணும். போன்ல வீடியோ போட்டு உரம் விக்கிற ஒருத்தன். டீத்தூள் மாதிரி கருகருன்னு உரத்தை உள்ளங்கையில வச்சு மோந்து காட்டுனான். புது மழை பெஞ்ச மண்ணு வாசம்னான். "அண்ணா, எங்கப்பாவும் மஞ்சக் காட்டுக்காரர்தாங்ணா"ன்னான் பாருங்க, அங்கதான் விழுந்தேன். 50 கிலோ மூட்டை 40. கிலோ 10 ரூபாய், வண்டி வாடகை 3,500. லோடு ஏறும் முன்னாடியே 23,500 அனுப்பிட்டேன். பில் கேட்டதுக்கு, "நமக்குள்ள எதுக்குங்ணா பில்லு?"

வந்த மூட்டைக்குள்ள கைய விட்டா சுடுது! மக்கி முடிஞ்ச உரம் சுடாது. அந்தச் சூட்டுல மண்புழு எங்க பொழைக்கும்? ஒரு பிடி எடுத்துப் பிழிஞ்சேன், விரலிடுக்குல தண்ணி சொட்டுது. மண்புழு உரத்துல ஈரம் 25 சதவீதத்துக்கு மேல இருக்கக் கூடாதுங்கறது உரக் கட்டுப்பாட்டு ஆணையிலயே இருக்கு. நான் தண்ணிய கிலோ 10 ரூபாய்க்கு வாங்கியிருக்கேன். மிச்சமெல்லாம் அரைகுறையா மக்குன தென்னை நார்க்கழிவு. இதைக் காட்டுல போட்டா, மக்கறதுக்கு மண்ணுல இருக்கற தழைச்சத்தையே இழுத்துக்கும், பயிரு வெளுத்துப்போகும். ஒரு வாளி தண்ணியில கரைச்சுப் பார்த்தேன், அடியில ரெண்டு விரக்கடை மணல்.

போன் பண்ணுனா, முதல்ல "லோடு மாறிடுச்சுங்ணா". அடுத்த நாள் "வழியில மழைங்ணா". அப்பறம் "டிரைவரைக் கேளுங்க". டிரைவரு பாவம், அவனுக்கும் பாதி வாடகை பாக்கியாம். நேத்துல இருந்து என் நம்பரை பிளாக் பண்ணிட்டான். அவன் அனுப்புன ஆய்வக ரிப்போர்ட்டை இப்பத்தான் பெரிசு பண்ணிப் பார்த்தேன், தேதி 2019.

என்னென்ன பாக்கணும்னு விவரமா எழுதலாம்னுதான் உக்காந்தேன், மனசு ஓடல. பில் இல்லாம வாங்காதீங்க. ஒரு மூட்டை வாங்கிப் பிழிஞ்சு, கரைச்சுப் பாருங்க. முழுப் பணத்தை முன்னாடியே குடுக்காதீங்க. எல்லா மூட்டையையும் பிரிச்சுடாதீங்க, புகார்னு போனா தைச்ச மூட்டைல இருந்துதான் மாதிரி எடுப்பாங்க. நான் 31 மூட்டையப் பிரிச்சுட்டேன்.

23,500 ரூபாய்ங்க. வெதை மஞ்சளுக்கு வச்சிருந்த காசு. மிச்சம் 9 மூட்டை சாளைக்குள்ள கெடக்கு, வெதுவெதுன்னு இருக்குதுன்னு நாய் அதும்மேல ஏறிப் படுத்துத் தூங்குது.